இருபது பேருக்குப் பரிசு, கையில் பத்து நாள்: எதைக் கையால் செய்யலாம்?

பண்டிகைக் காலம் நெருங்கும்போது பலரும் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த முறை கடையில் வாங்காமல் கையால் ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று முடிவெடுத்தாயிற்று. பிஸ்கட்டா, ஜாமா, மெழுகுவத்தியா, சோப்பா, பின்னல் வேலையா? இணையத்தில் தேடினால் எல்லாமே அழகாக இருக்கும், எல்லாமே சுலபம் என்றும் எழுதியிருக்கும். படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் பண்டிகைக்கு முந்தைய நாள் நள்ளிரவில் பாதி முடித்த வேலையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

உணவா, கைப்பொருளா என்று யோசிப்பதற்கு முன்னால் எத்தனை பேருக்கு, எத்தனை நாள் இருக்கிறது என்ற இரண்டு எண்களை எழுதி வையுங்கள். பாதித் தேர்வுகள் அங்கேயே அடிபட்டுப் போகும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஆள் கூடினால் வேலை எவ்வளவு கூடும்? மாவு பிசைந்து பத்துப் பேருக்குச் செய்பவர் இருபது பேருக்குச் செய்தால் வேலை இரட்டிப்பாகாது, ஒன்றரை மடங்கு ஆகலாம். கழுத்துத் துணி பின்னுபவருக்கு இருபதாவது துணியும் முதல் துணி அளவுக்கே நேரம் எடுக்கும். என் கணக்கில் இதுதான் முதல் அளவுகோல்.

எப்போது தொடங்க வேண்டும், எப்போதைக்குள் தீர வேண்டும்? உணவுக்குப் பின்பக்கக் கெடு உண்டு, சீக்கிரம் செய்தால் பழசாகிவிடும். கைப்பொருளுக்கு முன்பக்கக் கெடு, தாமதமாகத் தொடங்கினால் முடியாது. சோப்பு போன்ற சிலவற்றில் நீங்கள் வேலையை முடித்த பிறகும் அது பதமாவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தவறினால் என்ன ஆகும்? கோணலான பிஸ்கட் சிரிப்போடு போய்விடும். சோப்பில் அளவு தவறிய காஸ்டிக் சோடா தோலைப் புண்ணாக்கும். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து ‘எளிய பரிசுகள்’ என்று எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

பொட்டலமும் பயணமும். நேரில் கொடுக்கிறீர்களா, கூரியரில் அனுப்புகிறீர்களா?

வாங்குபவருக்கு என்ன வேலை வைக்கிறது? இதை யாரும் கேட்பதில்லை. ஃபிரிட்ஜில் இடம் கேட்கும் பரிசு, கையால் மட்டுமே துவைக்க வேண்டிய பரிசு, மூன்று நாளில் தின்று தீர்க்க வேண்டிய பரிசு எல்லாம் பெறுபவர் தலையில் ஏறும் சுமை.

| தேர்வு | எப்போது தொடங்குவது | எவ்வளவு தாங்கும் | பலருக்குச் செய்ய | கூரியரில் |
|---|---|---|---|---|
| மொறுமொறு பிஸ்கட் | ஒரு வாரம் முன் | சுமார் 2 வாரம் | ஏற்றது | நன்றாகக் கட்டினால் சரி |
| சாக்லேட், கேரமல் | 3–4 நாள் முன் | வகையைப் பொறுத்தது | நடுத்தரம் | வெயில் காலத்தில் வேண்டாம் |
| ஜாம் | எப்போது வேண்டுமானாலும் | முறையாக மூடினால் மாதக்கணக்கில் | நடுத்தரம் | கனம், உடையும் |
| ஜாடிக் கலவை (குக்கீக்கான உலர் பொருட்கள்) | முந்தைய நாள்கூடப் போதும் | 2–3 மாதம் | மிக ஏற்றது | பையில் கட்டினால் சரி |
| மெழுகுவத்தி | 2–3 வாரம் முன் | நீண்ட காலம் | ஏற்றது | கனம் |
| சோப்பு (காஸ்டிக் சோடாவில்) | 6–7 வாரம் முன் | நீண்ட காலம் | ஏற்றது | மிக ஏற்றது |
| பின்னல் வேலை | மாதக்கணக்கில் முன் | ஆண்டுக்கணக்கில் | முடியாது | மிக ஏற்றது |

## பிஸ்கட், குக்கீ

நிறையப் பேருக்கு, குறைந்த நாளில் என்றால் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அதிலும் வெண்ணெய் பிஸ்கட்டைச் சொல்வேன். எடையில் ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. இந்தக் கணக்கு மனதில் நிற்கும், எந்த அளவுக்கும் பெருக்கலாம். முட்டை இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை, பொங்கி வழிந்து உருவம் கெடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது பேர், ஆளுக்குப் பன்னிரண்டு என்றால் 240 பிஸ்கட். ஒன்று 20 கிராம் என்று வைத்தால் மொத்தம் 4.8 கிலோ மாவுக் கலவை. அதற்கு 1.6 கிலோ வெண்ணெய், 2.4 கிலோ மாவு, 800 கிராம் சர்க்கரை. வெண்ணெய் கணக்கைக் கண்டதும் சிலர் புருவம் உயர்த்துவார்கள். உயர்த்தட்டும், பட்டியலில் விலை ஏறும் பொருள் அதுதான். தட்டுக்குப் பன்னிரண்டு வீதம் இருபது தட்டு. ஓவனில் ஒரே நேரத்தில் இரண்டு தட்டு வைத்தால் பத்துச் சுற்று. சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம் வேகவைப்பதற்கு மட்டும். மாவு பிசைவது, ஆறவைப்பது, அடுக்குவது எல்லாம் சேர்த்தால் ஒரு முழுநாள் வேலை. முழுநாள்தான், ஆனால் ஒரே ஒரு நாள்.

அந்த நாளையும் பிரித்துக்கொள்ளலாம். மாவை உருளையாக உருட்டிக் காற்றுப் புகாமல் சுற்றி ஃபிரீசரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். பண்டிகைக்கு முந்தைய வாரம் எடுத்து, சற்றே இளகியதும் வில்லையாக வெட்டி ஓவனில் வைத்தால் போதும். முன்பக்கக் கெடு, பின்பக்கக் கெடு இரண்டையும் ஒருசேரச் சமாளிக்கும் வழி இது.

கவனிக்க வேண்டிய இடம் டப்பா. மொறுமொறுப்பான பிஸ்கட்டையும் மென்மையான குக்கீயையும் ஒரே டப்பாவில் போட்டால், மென்மையானதில் இருக்கும் ஈரம் மொறுமொறுப்பானதுக்கு ஏறிவிடும். ஒன்று நமுத்துப்போகும், மற்றொன்று காய்ந்துபோகும். புதினா வாசனை சேர்த்த எதையும் தனியாகத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டப்பா முழுக்கப் புதினா மணக்கும். படத்துக்கு அழகாக இருக்கும் ‘ஏழு வகை ஒரே டப்பாவில்’ என்பது தின்னும் நாளில் ஏழும் ஒரே சுவையாகிவிடும் ஏற்பாடு. இரண்டு வகை போதும்.

## சாக்லேட், கேரமல்

பிஸ்கட்டைவிடப் பார்ப்பதற்குப் பெரிய பரிசாகத் தெரியும், அளவோ குறைவு. ஆனால் இரண்டுமே வெப்பமானி கேட்கும் வேலை.

சாக்லேட் பளபளப்பாகவும், உடைக்கும்போது ‘டக்’ என்றும் இருக்க வேண்டுமென்றால் சும்மா உருக்கி ஊற்றினால் வராது. டார்க் சாக்லேட்டை 45–50 டிகிரி செல்சியஸ் வரை உருக்கி, 27–28க்கு இறக்கி, மறுபடி 31–32க்குக் கொண்டுவர வேண்டும். கொக்கோ வெண்ணெய் சரியான படிக வடிவில் உறைவதற்காகத்தான் இந்த ஏற்ற இறக்கம். இதைத் தாண்டிப்போனால் மேலே வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். தின்னலாம், கெடுதல் இல்லை. பரிசாக நீட்டத்தான் கூச்சமாக இருக்கும். க்ரீம் சேர்த்த டிரஃபிள் உருண்டைகள் செய்வதற்கு மிகச் சுலபம், ஆனால் ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு வாரம்தான் தாங்கும், வெளியே வைத்தால் அதுவும் இல்லை.

மென்மையான கேரமலுக்குப் பதம் 118–120 டிகிரி. இரண்டு மூன்று டிகிரி ஏறினாலே பல்லில் ஒட்டும் கல்லாகிவிடும். அதைவிட, சர்க்கரைப் பாகில் செய்த எதுவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றியே ஆக வேண்டும். நூறு துண்டு சுற்றும் நேரத்தைச் செய்முறைக் குறிப்பில் யாரும் எழுதுவதில்லை.

நான்கைந்து நெருங்கிய பேருக்கு, நேரில் கொடுப்பதற்கு, குளிர்ந்த பருவத்தில் என்றால் இது நல்ல தேர்வு. இருபது பேர் என்றால் விட்டுவிடுங்கள்.

## ஜாம்

பழம் மலிவாகக் கிடைக்கும் பருவத்தில் செய்து வைத்துப் பண்டிகைக்கு எடுத்துக் கொடுக்கலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. மற்ற உணவுப் பரிசுகள் எல்லாம் கடைசி வாரத்தில் நெருக்கியடித்து வரும். ஜாம் அந்த வரிசையில் நிற்காது.

பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற இறுக வைக்கும் பொருள், சர்க்கரை, புளிப்பு மூன்றும் கூடினால்தான் ஜாம் இறுகும். கடல்மட்டத்தில் 104–105 டிகிரியில் பதம் வரும். வெப்பமானி இல்லாவிட்டால், ஃபிரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள், சுருக்கம் விழுந்தால் போதும். பலரும் சறுக்குவது அளவைப் பெருக்குவதில். இருபது பேருக்குத்தானே என்று நான்கு மடங்கு பழத்தை ஒரே பாத்திரத்தில் போட்டால், தண்ணீர் வற்ற அத்தனை நேரம் ஆகும். அதற்குள் நிறம் கறுத்து, பெக்டின் சிதைந்து, பாகு மட்டும் மிஞ்சும். ஜாம் சிறு சிறு தவணையாகத்தான் செய்ய வேண்டும். ஆகவே பலருக்குச் செய்வதில் இது பிஸ்கட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

ஜாடி முக்கியம். கொதிநீரில் சுத்தம் செய்த கண்ணாடி ஜாடி, புது மூடி, நிரப்பிய பிறகு கொதிநீரில் மூழ்க வைத்துக் காற்றை வெளியேற்றுவது எல்லாம் செய்தால்தான் அலமாரியில் வைக்கலாம். அவ்வளவு வேண்டாம் என்றால் ஃபிரிட்ஜில் வைத்துச் சில வாரத்தில் தீர்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

ஜாடியில் அடைக்கும் பரிசைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பூண்டும் மூலிகையும் மிதக்கும் எண்ணெய் பாட்டில்கள் பார்க்க மிக அழகாக இருக்கும், பரிசுப் பட்டியல்களில் தவறாமல் வரும். அதைச் செய்து கொடுக்காதீர்கள். பாட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியா மண்ணோடு வருவது. அதன் வித்துகள் சாதாரணக் கொதியில் சாவதில்லை. புளிப்பில்லாத பூண்டு, மேலே காற்றை அடைக்கும் எண்ணெய், அறை வெப்பம் மூன்றும் சேர்ந்தால் அதற்கு வேண்டிய எல்லாம் கிடைத்துவிடும். வாசனையும் மாறாது, சுவையும் மாறாது, பெறுபவருக்குச் சந்தேகமே வராது. புளிப்புள்ள பழ ஜாமில் இந்தப் பயம் இல்லாததற்குக் காரணம் அதன் அமிலம். பிஎச் என்ற அளவு (புளிப்பு கூடினால் இந்த எண் குறையும்) 4.6க்குக் கீழே இருந்தால் அந்த பாக்டீரியா வளராது. புளிப்பில்லாத காய்களை ஜாடியில் அடைப்பதற்கு 121 டிகிரி எட்டும் அழுத்தக் கலன் வேண்டும், அது பரிசு செய்யும் ஆர்வத்துக்குள் அடங்கும் விஷயம் அல்ல.

தேன் சேர்த்த எதையும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தால், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அது கூடாது என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். காரணம் அதே பாக்டீரியாதான்.

## ஜாடிக் கலவை

குக்கீக்கு வேண்டிய உலர் பொருட்களை அளந்து, மாவு, கொக்கோ, சர்க்கரை, சாக்லேட் துண்டு என்று அடுக்கடுக்காக ஜாடியில் போட்டு, ‘வெண்ணெய் இவ்வளவு, முட்டை ஒன்று, இத்தனை டிகிரியில் இத்தனை நிமிடம்’ என்று சீட்டுக் கட்டிக் கொடுப்பது. அடுப்பே பற்றவைக்க வேண்டாம். ஒரு மாலையில் இருபது ஜாடி முடியும். தலைப்பில் இருக்கும் கேள்விக்கு என் பதில் இதுவோ வெண்ணெய் பிஸ்கட்டோதான்.

குறை ஒன்று உண்டு. சமைக்கும் வழக்கமே இல்லாதவருக்கு இது பரிசு அல்ல, வீட்டுப்பாடம். ஓவன் இருக்கிறதா என்று தெரியாதவருக்குக் கொடுக்காதீர்கள். அது வேகாத பச்சை மாவு, அப்படியே வாயில் போடக் கூடாது என்பதையும் சீட்டில் எழுதுங்கள். ஜாடியைக் குழந்தைகள்தான் முதலில் திறப்பார்கள்.

இதே வகையில் சேர்வது சர்க்கரையும் மசாலாவும் பூசி வறுத்த நட்ஸ். காற்றுப் புகாமல் இரண்டு வாரம் தாங்கும், பெறுபவருக்கு வேலை எதுவும் இல்லை. நட்ஸ் ஒவ்வாமை மட்டும் விசாரிக்க வேண்டும்.

## மெழுகுவத்தி

கைப்பொருட்களில் உணவைப் போலத் தவணையாகச் செய்யக்கூடியது இது. 200 மில்லி கிண்ணம் ஒன்றுக்குச் சுமார் 170 கிராம் சோயா மெழுகு, அதில் ஆறு முதல் பத்து சதவீதம் நறுமண எண்ணெய். உருக்குவது, ஊற்றுவது எல்லாம் ஒரே மதியத்தில் ஆகிவிடும். ஆனால் சோயா மெழுகில் வாசனை நன்றாக ஏறுவதற்கு ஒன்றிரண்டு வாரம் விட வேண்டும்.

சூட்சுமம் எல்லாம் திரியில் இருக்கிறது. கிண்ணத்தின் அகலத்துக்குத் திரி மெல்லியதாக இருந்தால் நடுவில் குழி தோண்டிக்கொண்டு இறங்கி, ஓரத்து மெழுகு அப்படியே நின்றுவிடும். தடித்திருந்தால் புகை கக்கும், கிண்ணம் அதிகமாகச் சுடும். ஆகவே கொடுப்பதற்கு முன் ஒன்றையாவது முழுவதும் எரித்துப் பார்க்க வேண்டும். அதற்கும் நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய கண்ணாடித் தம்ளர் எல்லாம் இதற்கு ஆகாது; சூடு தாங்காத கண்ணாடி எரிந்துகொண்டிருக்கும்போதே விரிசல் விடும்.

மெழுகை நேராக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பை அணைத்து மூடி போட்டு அமுக்க வேண்டும். மிச்ச மெழுகைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

வாசனை ஆகாதவர்கள் உண்டு. ஆஸ்துமா இருப்பவருக்கோ, விருப்பம் தெரியாதவருக்கோ வாசனை சேர்க்காமலே கொடுக்கலாம்.

## சோப்பு

சோப்பில் இரண்டு வழி. இரண்டும் வெவ்வேறு வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து அடியிலிருந்து செய்வது முதல் வழி. ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேண்டிய சோடா அளவு வேறு. கப்பில் அளக்கக் கூடாது, கிராமில் எடைபோட வேண்டும். சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த ஜன்னல் வேண்டும். வீட்டில் சிறு குழந்தைகள் சுற்றிக்கொண்டிருந்தால் தொடவே வேண்டாம். ஊற்றி வெட்டிய பிறகு நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைத்தால்தான் ஈரம் வற்றிக் கெட்டிப்பட்டு நாள்பட உழைக்கும். பத்து நாள் கையில் இருப்பவருக்கு இது கதவடைப்பு.

இரண்டாவது, கடையில் கட்டியாக வரும் கிளிசரின் சோப்பை உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றுவது. சில மணி நேரத்தில் தயார், குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். ‘இது கையால் செய்ததா என்ன’ என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். பெறுபவர் அப்படி நினைக்கப் போவதில்லை. இந்த வகை, காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் மேலே முத்து முத்தாக வியர்க்கும்; அச்சிலிருந்து எடுத்ததும் பிளாஸ்டிக் உறையில் இறுகச் சுற்றிவிடுங்கள்.

குளியல் உப்பு, காய்ந்த லாவெண்டர் பூ நிறைத்த சிறு துணிப்பை இவையும் இதே ரகம், இன்னும் சுலபம். சர்க்கரையும் எண்ணெயும் கலந்த உடல் தேய்ப்புக் கலவையை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். ஈரக்கை பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், குளியலறைத் தரையில் எண்ணெய் வழுக்கும். வயதானவர்களுக்கு வேண்டாம்.

## பின்னல் வேலை

ஆரம்ப நிலையில் இருப்பவர் கழுத்துத் துணி ஒன்று பின்ன இருபது மணி நேரம்கூட ஆகலாம். இருபது பேருக்கு நானூறு மணி. இந்தப் பேச்சை இங்கேயே முடித்துவிடலாம்.

ஒருவருக்கு, இருவருக்கு என்றால் வேறு கதை. தின்று தீராத, எரிந்து தீராத பரிசு இது ஒன்றுதான். கழுத்துத் துணிக்கு அளவு பார்க்க வேண்டியதில்லை, கையுறைக்கும் ஸ்வெட்டருக்கும் வேண்டும். நூல் வாங்கும்போது பெறுபவரை நினையுங்கள். அசல் கம்பளி நூல் மெஷினில் சுடுநீரில் விழுந்தால் சுருங்கி அட்டையாகிவிடும். துணியைத் தனியாகத் துவைக்கப் பொறுமை இல்லாதவருக்கு மெஷின் தாங்கும் நூல்தான் சரி. நாள் குறைவு, ஆனாலும் பின்னித்தான் கொடுப்பேன் என்பவர்கள் பருத்தி நூலில் சதுரமான பாத்திரத் துணிகள் பின்னலாம், ஒன்று சில மணி நேரத்தில் முடியும். அதையும் ஒரு சோப்பையும் சேர்த்துக் கட்டினால் நிறைவாகவே இருக்கும்.

## கணக்கில் வராத செலவு

கையால் செய்தால் மிச்சம் என்பது பாதி உண்மை. உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது விலை கூடும் இடங்கள் பல: ஜாமைவிட ஜாடி, கலவையைவிட ஜாடி, பிஸ்கட்டுக்குத் தகர டப்பா. ஜாடி திரும்பி வராது, கேட்கவும் முடியாது. கலவைக்கு ஜாடிக்குப் பதில் கெட்டியான தெளிவான பையும் நாடாவும் போதும். கூரியரில் கனமும் குறையும், அடுக்கும் குலையும் என்பது வேறு.

அடுத்தது முதல் முறைச் சாமான். எடை மெஷின், வெப்பமானி, அச்சு, பின்னல் ஊசி. வருடாவருடம் செய்வீர்கள் என்றால் பரவாயில்லை. ஒரே ஒரு முறைக்காக மெழுகுவத்திச் சாமான் முழுவதும் வாங்குவது வீண். நறுமண எண்ணெயும் சாயமும் சிறு பாட்டிலாகக் கிடைத்தாலும் தேவையைவிடப் பத்து மடங்கு இருக்கும், மிச்சம் அலமாரியில் தூங்கும். சமையலறையில் ஏற்கெனவே இருப்பதைக் கொண்டு செய்யும் பரிசுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதாலேயே முதல் தடவை செய்பவர்களை உணவுப் பக்கம் திருப்புவேன்.

## எந்த நிலையில் எது

பத்து நாள், இருபது பேர், ஓவன் உண்டு: வெண்ணெய் பிஸ்கட். ஓவன் இல்லை: வறுத்த நட்ஸ், அல்லது பெறுபவர்களிடம் ஓவன் இருந்தால் ஜாடிக் கலவை.

இரண்டு மாதம் இருக்கிறது, பலருக்கும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும், உணவுக் கட்டுப்பாடு யாருக்கு என்னவென்று தெரியாது: சோப்பு. அலுவலகத்தில் கொடுப்பதற்கு இதுதான் எனக்குப் பிடித்தது. சர்க்கரை நோய், விரதம் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.

மூன்று பேர், நெருங்கியவர்கள், நேரம் தாராளம்: பின்னல், அல்லது பருவத்தில் செய்து வைத்த ஜாம்.

குழந்தைகளும் கைபோட வேண்டும் என்றால் உருக்கி ஊற்றும் சோப்பு, துணிப்பை, கலவை அடுக்குதல். மெழுகும் கேரமலும் வேண்டாம், சுடுநீரைவிட மோசமாக ஒட்டிக்கொண்டு சுடும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் உணவை மறந்துவிடுங்கள். வீட்டில் செய்த தின்பண்டத்துக்குப் பல நாடுகளில் சுங்கக் கட்டுப்பாடு உண்டு, பழமும் பாலும் சேர்ந்தால் இன்னும் சிக்கல். யாராவது விமானத்தில் எடுத்துப் போகிறார்கள் என்றாலும் ஜாம் கைப்பையில் போகாது. பல விமான நிலையங்களில் அதைத் திரவக் கணக்கில் சேர்த்து 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பெட்டியில் போட்டு அனுப்பினால் ஜாடியைத் துணிக்குள் சுற்ற வேண்டியிருக்கும். அந்தத் துணி நீங்கள் பின்னிய கழுத்துத் துணியாக இருந்தால் இரண்டு பரிசும் ஒரே பொட்டலத்தில் போய்ச் சேரும். ஜாடியை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டுங்கள்.